தேங்காய்த் தண்ணீர் எப்போது அடங்கும்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்தே மூடாப்பு. பத்து மணிக்கு மேல் மழை. பாதிப் பேர் ரப்பர் வெட்டப் போகவே இல்லை. ரப்பர் பால் எடுக்கிற சென்டருக்கு வந்தது மூன்றே பீப்பாய். பன்னிரண்டரைக்குக் கழுவிப் பூட்டியாயிற்று.

நேரே தங்கமணியின் எண்ணெய் மில். தேங்காய் உடைத்த தண்ணீரை எல்லாம் ஓடையில் விடுகிறான், பாவி. பத்து லிட்டர் கேட்டேன். "பத்தா? நூறு கொண்டு போ. ஈத் தொல்லையாவது தீரட்டும்" என்றான். அவன் வீட்டில் பழைய வினாகிரி இருக்கிறது, மேலே ஆடை படர்ந்தது. அதில் ஒரு குப்பி தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். அது கடைசியில்தான் தேவை.

செய்தது:
தே. தண்ணீர் 10 லி. வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்தது.
சீனி 1 கிலோ.
ஈஸ்ட் ஒரு ஸ்பூன், ரொட்டிக்குப் போடுகிற அதே சாமான்.
புது வெள்ளைக் கேன். மூடி சும்மா மேலே வைத்தது.
இடம்: பின்பக்கச் சாய்ப்பு, விறகுக்கு அந்தப் பக்கம்.

லில்லியிடம் சொன்னது: உன் மீன் ஊறுகாய்க்கு வினாகிரி செய்கிறேன். கடையில் விற்கிற வினிகர் மருந்து மணக்கிறது என்று நாலு வருடமாகச் சொல்கிறாள். கிறிஸ்துமசுக்குச் சபைப் பெண்கள் ஊறுகாய் விற்பார்கள், அதற்குள் தயாராகிவிடும் என்றேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சொல்லாதது: வினாகிரி ஆகிற வழியில் ஏழெட்டு நாள் அது கள்ளுக்குத் தம்பி. சீனி மொத்தமும் போதையாக மாறி முடிந்த பிறகுதான் பழைய வினாகிரியை ஊற்ற வேண்டும். பிறகுதான் புளிக்கும். சீனி மிச்சம் இருக்கும்போதே ஊற்றினால் எல்லாம் வீண். ஆக, முடிந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். ஃபோன் வீடியோவில் பார்த்த ஆள் ஒரு கரண்டி குடித்துப் பார்க்கச் சொல்கிறார். இனிப்பு போயிருந்தால் முடிந்ததாம்.

எனக்கு அது நடக்காது. ஆறு வருடத்துக்கு முன்னால் லில்லி ஒரே ஒரு தடவை சொன்னாள். இனி ஒரு சொட்டு நாக்கில் பட்டால் காஞ்சிரங்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன். அவள் இரண்டாவது தடவை சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் என்னிடம் மீட்டர் இருக்கிறதே!

நா. சு. (நாக்கு சுத்தம். அந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான் முடிக்கிறேன்.)

அக். 15, புதன்

வெயில். காலை ஐந்தே முக்காலுக்கே சாய்ப்புக்குப் போனேன். கேனில் காதை வைத்தால் கேட்கிறது! கிசுகிசு, கிசுகிசு. ஒரு கூட்டமே உள்ளே உட்கார்ந்து புறணி பேசுகிற மாதிரி. மேலே நுரை இரண்டு விரல் கனம். குழந்தை பிறந்த வீட்டில் நிற்பதுபோல் நின்றேன்.

மீட்டர்: ரப்பர் பாலில் சரக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற கண்ணாடிக் குச்சி. கீழே குண்டு, மேலே நீளக் கழுத்து. சென்டருக்குப் புதியது வந்தபோது பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பாலுக்கு ஆனால் என்ன, தேங்காய்த் தண்ணீருக்கு ஆனால் என்ன. சீனி இருந்தால் தண்ணீர் கனம், குச்சி மேலே தூக்கும். சீனி தீரத் தீரக் குச்சி இறங்கும். இறங்குவது நின்றால் வேலை முடிந்தது. மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று ஃபோன் ஆள் சொன்னார். நாக்கே வேண்டாம்!

பச்சைத் தண்ணீரில் விட்டு ஒரு கோடு. அதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் நானே கோடுகள் போட்டுக்கொண்டேன், சென்டர் மீட்டரின் இடைவெளி பார்த்து.

இன்று: 4 கோடு கீழே.

மின் கட்டணம் கட்ட மறந்தேன். லில்லியின் செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

நா. சு.

அக். 16, வியாழன்

மாலையில் இடி, மழை. துலா மாதத்து மழைக்கு நேரம் தவறுவதே இல்லை.

மீட்டர்: 3. இல்லை, மூன்றுக்குக் கொஞ்சம் மேல்.

சென்டரில் நான் பாட்டு முணுமுணுத்தேன் போல. கூட வேலை செய்கிற பிஜு பிடித்துவிட்டான். "சேட்டா, எந்தா இத்ர சந்தோஷம்? லாட்டரி அடிச்சோ?" சொல்லிவிட்டேன். வாய் நிற்கவில்லை. அவன் கண் விரிந்தது. "டேஸ்ட் நோக்கான் ஞான் வராம் சேட்டா, ஃப்ரீயா!" ருசி பார்க்க நீ வரவே வேண்டாம் என்றேன். பிஜு வந்தால் கேன் மிஞ்சாது.

லில்லி பொழியூர் மீன்காரியிடம் சூரை மீன் சொல்லி வைத்திருக்கிறாள். வினாகிரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே மீனுக்குச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் என்னைப் போல வெப்ராளம்தான், பரபரப்பை வெளியே காட்டுவதில்லை.

நா. சு.

அக். 17, வெள்ளி

வெயிலும் மழையும் மாறி மாறி. காலில் பூச்சி கடித்து வீக்கம்.

மீட்டர்: 3. சரியாகச் சொன்னால் இரண்டே முக்கால். அதெல்லாம் பார்த்தால் ஆகுமா? சென்டரில் ஒரு கோடு முன்னே பின்னே இருந்தால் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை, தள்ளிவிடுவோம். புதனிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரே கோடுதான் வித்தியாசம். ஆக மூன்று நாளும் ஒன்றுதான்.

முடிந்துவிட்டது! மூன்றே நாளில்! ஃபோன் ஆளுக்கு ஏழு நாள் ஆனதாம். நம் ஊர் சூடு, நம் ஊர் தேங்காய். தங்கமணியிடம் நாளை சாயங்காலம் குப்பி வாங்க வருகிறேன் என்று கூப்பிட்டுச் சொன்னேன். அதுவரை காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று கேன் மூடியை இறுக்கித் திருகினேன். பால் கேனை வண்டியில் ஏற்றும்போது திருகுகிற திருகு. இரண்டு கையாலும்.

சந்தோஷத்தில் லில்லிக்கு இரண்டு பழப்பொரி வாங்கிப் போனேன். ஒன்றை நானே தின்றுவிட்டேன்.

நா. சு.

அக். 18, சனி

எப்படி எழுதுவது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பத்துப் பேர். முன்னறையில் பாய். எஸ்தர் அக்கா ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள்தான் சபைப் பெண்கள் சங்கத்துக்கு எல்லாம். நான் அடுக்களையில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். சாயா முடிந்ததும் தங்கமணி வீடு.

டப்!

மூடி சாய்ப்பின் தகரக் கூரையில் போய் அடித்தது. யாரோ தீபாவளி வெடி போட்டார்கள் என்று முதலில் நினைத்தார்களாம். பிறகு கேனில் இருந்த வெள்ளம் கதவுக்கு அடியில் ஓடி வந்து அடுக்களையைத் தாண்டி முன்னறைக்கே போய்விட்டது. நுரையோடு. பிறகு மணம்.

அந்த மணம் தெரியாதவர் யார். பத்துப் பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். எஸ்தர் அக்கா மட்டும் ஆமென் சொல்லிவிட்டுத் திறந்தார்கள்.

"லில்லி மக்கா, இது என்ன மணமாக்கும்?"

லில்லி என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக அந்தப் பார்வையை நான் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூட நினைத்திருந்தேன்.

"வினாகிரிக்கு வச்சதாக்கும் அக்கா" என்றாள். குரல் அசையவில்லை. "ஊறுகாய்க்கு."

சாயா குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் பலகாரம் தொடவில்லை.

பிறகு அவள் நுரை தெறித்த கூரையைத் துடைத்தாள். நான் தரையை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம், துணியைப் பிழிந்துகொண்டே:

"நாக்கில வச்சியளா?"

"இல்ல."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் இல்ல லில்லி."

"அப்பம் இது கள்ளாகும்னு எனட்ட ஏன் சொல்லல?"

என்ன சொல்ல. பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம், உண்மை அதுதான். இந்த நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். யாருக்கும் காட்டாத நோட்டு. 14ஆம் தேதியிலிருந்து வாசித்தாள். நின்றுகொண்டே.

"இதென்ன, எல்லாத்துக்கும் கீழ நா. சு.?"

சொன்னேன்.

பின்னால் புரட்டினாள். செப்டம்பர், ஆகஸ்ட். பிறகு அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை மட்டும் பார்த்தாள். நோட்டுகளை அதே அடுக்கில் வைத்துவிட்டுப் போய்ச் சாய்ப்பைப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில்.

கேனில் ஆறு லிட்டர் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூடி இல்லாமல். ஒரு வெள்ளைத் துணி கட்டி வைத்திருக்கிறாள், அதையும் அவள்தான் செய்தாள். கொட்டவில்லை. கொட்டியிருக்கலாம்.

நா. சு.

அக். 19, ஞாயிறு

சபைக் கோயிலில் காரணம் பிடிபட்டது! பிரசங்கம் பாதியில். எழுந்து நிற்காமல் இருந்ததே பெரிது.

வெடித்தது என்றால் சீனி தீரவில்லை. சீனி தீரவில்லை என்றால் மீட்டர் ஏன் அசையவில்லை? பிரசங்கம் செய்த ஐயர் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது அது மட்டும்தான். பங்கு!

சென்டரில் ரப்பர் பாலை மீட்டரில் பார்க்கும்போது ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலப்போம். நேராக விட்டால் பால் கொழகொழவென்று குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பதினேழு வருடமாகச் செய்து செய்து கை தானாகச் செய்கிறது. சாய்ப்பிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன்! தினமும் ஒரு தம்ளர் எடுத்து, இரண்டு தம்ளர் பச்சைத் தண்ணீர் கலந்து, குச்சியை விட்டிருக்கிறேன். எழுதக்கூட இல்லை, அவ்வளவு பழக்கம். மூன்று கோடு இறங்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இறங்கியது. அந்த ஒரு கோட்டையும் தள்ளிவிட்டேன், சென்டர் வழக்கம் என்று. மடையன். மடையன்.

வீட்டுக்கு வரும் வழியில் லில்லியிடம் சொன்னேன். மழை, இரண்டு பேருக்கும் ஒரு குடை. பாறசாலை ரோட்டில் பஸ் சேறடித்துவிட்டுப் போனது. கவனமாகக் கேட்டாள்.

"அப்பம் ரப்பர் பாலுக்கு உள்ள வித்தய தேங்காத் தண்ணிக்கு காட்டியிருக்கிய" என்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

சாவியைத் தரவில்லை. அவளே திறந்தாள். அவளும் உள்ளே வந்தாள்.

கலக்காமல் நேராக விட்டால் குச்சி குண்டு தெரியச் சாய்ந்துவிடுகிறது. அடிக்குண்டில் செம்புக் கம்பி மூன்று சுற்றுச் சுற்றினேன். நிமிர்ந்து நின்றது! கோடு வேண்டாம். வெளியே தெரிகிற கழுத்தை ஸ்கேலால் அளந்துவிட்டால் போயிற்று.

பச்சைத் தண்ணீரில்: 2 செ.மீ. வெளியே.
கேனில் உள்ளதில்: 5.8.

பாதி வழிதான் வந்திருக்கிறது. பாதி வழியில் மூடியை இறுக்கியிருக்கிறேன்.

நா. சு.

அக். 20, திங்கள்

விடுமுறை. வெளியே வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் லில்லி சாய்ப்பைத் திரும்பிப் பார்க்கிறாள்.

4.3.

ஒரே நாளில் ஒன்றரை செ.மீ.! ஸ்கேலைப் பிடித்தது லில்லி. நான் மேலிருந்து பார்த்து 4.5 என்றேன். "குனிஞ்சு பாருங்க. வெள்ளத்துக்க மட்டத்துல கண்ண வச்சுப் பாக்கணும்" என்றாள். 4.3தான். பதினேழு வருடமாக மீட்டர் பார்க்கிறவன் நான்.

எஸ்தர் அக்கா ஃபோன். லில்லி முற்றத்துக்குப் போய்ப் பேசினாள். கேட்டது: "இல்ல அக்கா... இல்ல... நான் கூடயே நிக்கேன்... எனக்கு தெரியும் அக்கா." அவ்வளவுதான் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும் என்றாளே, அது போதும்.

நா. சு.

அக். 21, செவ்வாய்

மழை விடவில்லை. சென்டருக்குப் பால் ஒரே பீப்பாய்.

3.1.

இன்று ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அளந்து முடித்ததும் தம்ளரில் இருந்ததைக் கொட்டப் போனேன். கை நின்றுவிட்டது. மணம் நேராக மூளைக்குப் போனது. தொண்டை தானாக விழுங்கியது. அரை நிமிடம் இருக்கும். வேண்டும் என்று தோன்றியது. ஆறு வருடம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"லில்லி, இத நீ கொட்டு" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி, தென்னை மூட்டில் கொட்டிவிட்டு, தம்ளரைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். பிறகு, "நாளையிலேருந்து கோரி எடுக்கதும் கொட்டுததும் நான். நீங்க அளந்தா போரும்" என்றாள். சுக்குக் காப்பி போட்டுத் தந்தாள். நிறைய மிளகு போட்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகினால்தான்.

நா. சு.

அக். 22, புதன்

2.4.

பச்சைத் தண்ணீரின் 2 வரைக்கும் வந்துவிடுமா? லில்லிக்கு அதே கேள்வி. நுரை அடங்கிவிட்டது. காதை வைத்தால் எப்போதாவது ஒரு குமிழி. அடியில் வெள்ளையாக வண்டல். மேலே தெளிந்து இளநீர் நிறம். அழகாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிஜு: "சேட்டா, தீர்ன்னோ?" இல்லை என்றேன். "எப்போழா?" அது என்னிடம் சொல்லிவிட்டா தீரும் என்றேன். நல்ல சிரிப்பு.

செருப்பைத் தைத்து வாங்கி வந்தாயிற்று. மின் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

நா. சு.

அக். 23, வியாழன்

2.4! அசையவில்லை!

லில்லிதான் கத்தினாள், நான் இல்லை. பிறகு அவளுக்கே வெட்கம். "நேத்தும் இதுதானே?" என்று நோட்டை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். இரண்டு வரைக்கும் இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அவள் கட்சி. "தேங்காத் தண்ணியில உப்பும் உண்டுல்லியா. அது எங்க போவும்? எங்க நிக்கணுமோ அங்க நிக்கும். நின்னுதான்னு மட்டும் பாத்தா போரும்." நான் சொல்ல நினைத்ததை அவள் சொல்லிவிட்டாள். பதினேழு வருடம்!

நாளையும் இதே என்றால் மூன்று நாள்.

நா. சு.

அக். 24, வெள்ளி

பளிச்சென்று வெயில். காலை ஐந்தரைக்கே லில்லி என்னை எழுப்பினாள். அவள் இடுப்பில் சாவி, கையில் ஸ்கேல்.

2.4.

மூன்று நாள், ஒரே அளவு. கம்பியை அவிழ்த்து மறுபடி சுற்றி, பச்சைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து (2), மறுபடி விட்டோம். 2.4.

தங்கமணியின் குப்பி நேற்றே வந்துவிட்டது. திறந்து ஊற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு தடவை மீட்டரை நம்பி ஏமாந்தவன் நான். கை வரவில்லை. இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்கு ஒன்று சொன்னால் நிம்மதி. "பிஜுவக் கூப்பிடட்டா?" என்றேன்.

"அவன் வந்தா கேனையும் சேத்து விழுங்குவான்."

என்னைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள். பாட்டன் காலத்திலிருந்து மதுவைத் தொடாத குடும்பம் அவளுடையது. அவள் அப்பா திராட்சை ரசம்கூடத் திருவிருந்தில் மட்டும்தான். நாற்பத்து நாலு வயதில் கள்ளோ சாராயமோ ஒரு துளி தொட்டவள் இல்லை. விரல் அளவு தம்ளரில் ஊற்றினாள். மூக்கைப் பிடிக்கவில்லை, அதைக் கவனித்தேன். கண்ணை மூடி, ஒரு மடக்கு.

முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. தோளைக் குலுக்கினாள்.

"இனிப்பு இல்ல" என்றாள். "கொஞ்சங்கூட இல்ல."

முடிந்தது! முடிந்தேவிட்டது! நான் குப்பியை எடுக்கப் போனேன். அவள் அசையவில்லை. தம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். கோபமாக இல்லை. ஒன்றும் புரியாத ஆள் கேட்பது போல.

"இதுக்காக்குமா?"

குப்பியை எடுக்காமல் திரும்பி வந்தேன்.

"இதுக்காக்குமா அப்பிடிக் கெடந்திய? ரோட்டுலயும் ஓடையிலயும்? இதுலயா? இதுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். அழுதுவிட்டேன், எழுதுவதில் வெட்கமில்லை. அவள் முதலில் சிரித்தாள், பிறகு அவளும். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து, பழைய வினாகிரியைக் கேனில் அவளே ஊற்றினாள், ஆடை கிழியாமல், பைய. துணி கட்டினாள். சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சாயா போடப் போனாள்.

கிறிஸ்துமசுக்கு இரண்டு மாதம். சூரை மீன் உண்டு. மின் கட்டணம் இன்று கட்டாயம்.

நா. சு. (என்னுடையது மட்டும்.)